தட்டெறியும் கையும் மட்டை பிடிக்கும் கையும்



இன்றைய பேச்சு ஒரு விளையாட்டைப் பற்றியது. வானொலியில் படம் காட்ட வழியில்லை. ஆகையால், வீட்டில் பிளாஸ்டிக் தட்டு ஒன்று இருந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். எவர்சில்வர் தட்டு வேண்டாம். நான் சொல்லச் சொல்ல நீங்கள் கையை அசைத்துப் பார்த்தால், வெறுமனே கேட்பதைவிட நன்றாக விளங்கும். வீசிவிடாதீர்கள், அசைவு மட்டும் போதும்.

டிஸ்க் கோல்ப் என்று ஓர் ஆட்டம் உண்டு. நாம் அதைத் தட்டுக் கோல்ப் என்று சொல்லுவோம். கோல்ப் ஆட்டத்தில் மட்டையால் பந்தை அடித்துக் குழியில் சேர்க்கிறார்கள் அல்லவா? இதில் மட்டையும் இல்லை, பந்தும் இல்லை. கையால் ஒரு பிளாஸ்டிக் தட்டை வீசி, கம்பம் ஒன்றில் சங்கிலிகள் தொங்கும் கூடைக்குள் விழச் செய்ய வேண்டும். குறைந்த வீச்சுகளில் முடித்தவரே வென்றவர்.

இதன் பிறப்பிடம் அமெரிக்கா. ஃபிரெட் மோரிசன் என்பவர் உருவாக்கிய பறக்கும் தட்டின் உரிமையை வாம்-ஓ என்னும் விளையாட்டுப் பொருள் நிறுவனம் 1957ஆம் ஆண்டில் பெற்று, ஃபிரிஸ்பி என்ற பெயரில் விற்றது. கனெடிகட் மாநிலத்தில் ஃபிரிஸ்பி என்றொரு பலகாரக் கடை இருந்தது. அதன் காலித் தகரத் தட்டுகளை மாணவர்கள் வீசி விளையாடியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். அதே நிறுவனத்தில் பணிபுரிந்த எட் ஹெட்ரிக் என்பவர்தான் 1975இல், கலிபோர்னியாவில் பசடேனா நகருக்கு அருகே, ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிலையான ஆட்டத் திடலை அமைத்தார். சங்கிலிக் கூடையும் அவர் கண்டதே. 1976இல் ஆட்டக்காரர்களுக்கென ஒரு சங்கத்தையும் தொடங்கினார். 2002இல் அவர் மறைந்தபோது, அவர் விருப்பப்படியே அவருடைய சாம்பலைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். இப்படி ஓர் இறுதிக் கடனை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை!

இந்த ஆட்டத்தில் தட்டை எப்படி வீசுவது என்பதுதான் இன்றைய பொருள். இதைக் கற்பிப்பவர் எவரானாலும் உவமை இல்லாமல் கற்பிப்பதில்லை. 'வட்டெறிவதுபோல் எறி', 'பூப்பந்து மட்டையை வீசுவதுபோல் வீசு', 'கோல்ப் ஆடுவதுபோல் இடுப்பைத் திருப்பு' என்று ஆளுக்கொன்று சொல்லுவார்கள். கேட்பவர் தமக்குத் தெரிந்த விளையாட்டின் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்து இதில் போடுகிறார். சில உவமைகள் கையை நேர்வழியில் கொண்டுபோகும். சில உவமைகள் தோளையும் முழங்கையையும் முழங்காலையும் கெடுத்துவிடும். நாற்பது வயதுக்கு மேல் ஓர் ஆட்டம் கற்க வருகிறவர்களுக்கும், பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் எல்லாருக்கும் தோன்றும் உவமையை எடுத்துக்கொள்ளுவோம். அது வட்டெறிதல். வட்டும் உருண்டை, தட்டும் உருண்டை. இரண்டும் சுழன்று போகின்றன. இதற்குமேல் ஒற்றுமை தேடினால் ஏமாந்துபோவோம்.

ஆடவர் எறியும் வட்டின் எடை 2 கிலோகிராம். தட்டுக் கோல்ப் விதிப்படி ஒரு தட்டின் எடை, அதன் விட்டத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராமுக்கு மேல் போகக் கூடாது. 21 சென்டிமீட்டர் தட்டென்றால் ஏறத்தாழ 174 கிராம். ஒரு கிரிக்கெட் பந்தைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். வட்டு அதைப்போல் பதினொரு மடங்கு கனம். அந்தக் கனத்தை முழங்கையை மடக்கி நீட்டி எறிய எவராலும் ஆகாது. ஆகவே வட்டெறிபவர் 2.5 மீட்டர் விட்டமுள்ள வளையத்துக்குள் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, கையை நீட்டியபடியே பின்னால் இழுத்து வந்து, கவண் கல்லைப்போல் விடுகிறார். சிங்கப்பூரின் ஜேம்ஸ் வோங் 1999இல் 59.87 மீட்டர் எறிந்தது இந்த முறையில்தான். 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் லித்துவேனியாவின் மிகோலாஸ் அலெக்னா 75.56 மீட்டர் எறிந்து உலகச் சாதனை படைத்ததும் இதே முறையில்தான்.

தட்டோ 174 கிராம். இதைக் கை நீட்டி வீசினால் என்ன ஆகும்? கை ஒரு பெரிய வட்டத்தில் சுற்றி வரும். தட்டு எந்த இடத்தில் கையை விட்டுப் போகும் என்பதை உங்களால் தீர்மானிக்க முடியாது. இடம் கொஞ்சம் மாறினால் மரத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது மாறிவிடும். அதோடு, நீட்டிய கையின் இழுப்பு முழுவதும் தோள் மூட்டில் போய் விழுகிறது. இளைஞர் தாங்கிக்கொள்ளுவார், மற்றவர்களுக்கு மறுநாள் காலையில் சட்டை மாட்டும்போது தெரியும்.

இன்னும் ஒரு வேடிக்கை கேளுங்கள். வலக்கைக்காரர் வட்டெறியும்போது, மேலிருந்து பார்த்தால் அவர் உடல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுகிறது. வட்டு கடிகார முள் சுற்றும் திசையில் சுழல்கிறது. தட்டுக் கோல்பில் வலக்கைக்காரர் புறங்கையால் வீசும்போது உடலும் தட்டும் ஒரே திசையில், கடிகார முள் போகும் திசையில் சுழல்கின்றன. காற்றின் விஷயத்திலும் அப்படியே எதிர்மாறு. வட்டெறிபவர் எதிர்க்காற்றை விரும்புவார். கனமான வட்டைக் காற்று தடுத்து நிறுத்துவதைவிட ஏந்திப் பிடிப்பதே அதிகம். தட்டு இலேசானது, நீண்ட தூரம் போக அதற்குப் பின்காற்று வேண்டும். 2016ஆம் ஆண்டு அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் டேவிட் விக்கின்ஸ் என்ற இளைஞர் தட்டை 338 மீட்டர் வீசினார். மூன்று காற்பந்துத் திடல்களை வரிசையாக வைத்தாலும் தாண்டும். அது பாலைவனத்தில் வலுவான பின்காற்றோடு வீசியது.

ஆகவே வட்டெறிதலை ஒரு பக்கம் வைத்துவிடுவோம். உடல் எப்படித் திரும்புகிறது என்பதற்கு நல்ல உவமை கிரிக்கெட்டில் இருக்கிறது. அதுவும் இடக்கை ஆட்டக்காரரிடம்.

இப்பொழுது தட்டை வலக்கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நில்லுங்கள். நான்கு விரல்களும் தட்டின் அடிவிளிம்புக்குள் மடங்கியிருக்கட்டும். கட்டைவிரல் மேலே இருக்கட்டும். உங்கள் இலக்கு எதிர்ச் சுவரில் இருக்கும் கடிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலத்தோளை அதன் பக்கம் திருப்புங்கள். வலக்கால் முன்னால், இடக்கால் பின்னால். சரி, இப்படி நிற்பவர் யார்? பந்தை எதிர்நோக்கி நிற்கும் இடக்கை மட்டையாளர் இப்படித்தான் நிற்கிறார். அவருடைய வலத்தோள் பந்து வீசுபவரைப் பார்க்கிறது. மட்டைப் பிடியில் மேலே இருப்பது வலக்கை. அடியை வழிநடத்துவதும் அதுவே. இடக்கையை மட்டையிலிருந்து எடுத்துவிட்டு, மட்டைக்குப் பதில் தட்டைக் கொடுத்தால் அதுதான் புறங்கை வீச்சு.

இதற்கு உயிருள்ள சான்று கோல்ப் வீரர் பில் மிக்கல்சன். அவர் எழுதுவதும் மற்ற வேலைகள் செய்வதும் வலக்கையால். சிறுவனாக இருந்தபோது தந்தைக்கு எதிரே நின்று, கண்ணாடியில் பார்ப்பதுபோல் அவர் அசைவைப் பார்த்துக் கற்றதால், கோல்ப் மட்டும் இடக்கைப் பக்கமாக ஆடினார். அதாவது அவருடைய பலமான வலக்கைதான் முன்னால் இருந்து இழுக்கும் கை. 2021இல், ஐம்பது வயதில், பெரும் போட்டிகளில் ஒன்றை வென்று ஆறாவது பட்டத்தையும் எடுத்துவிட்டார்.

இந்த உவமையில் கவனிக்க வேண்டியது இடுப்பு. இடக்கை மட்டையாளர் ஓங்கி அடிக்கும்போது முதலில் எது நகர்கிறது? கையல்ல. பின்காலில் இருந்த பாரம் முன்காலுக்கு வருகிறது, இடுப்பு திரும்புகிறது, மார்பு திரும்புகிறது, அதன் பிறகே கை வருகிறது. மாட்டுவண்டிக்காரரின் சாட்டையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கைப்பிடி நின்றுவிடும், ஆனால் நுனி சீறும். அடியில் தொடங்கிய வேகம் ஒவ்வொரு கணுவாகத் தாவி நுனிக்குப் போகிறது. கையை முதலில் ஓட்டிவிட்டால் இடுப்பின் பலம் வீணாகப் பின்தங்கிவிடும். புதிதாக வருகிறவர்கள் பத்துப் பேரை நிற்க வைத்தால், பெரும்பாலோர் கையைத்தான் முதலில் ஓட்டுவார்கள்.

கிரிக்கெட்டும் கோல்பும் இத்தோடு விடைபெற வேண்டும். ஏனென்றால் கோல்பில் முன்கையை மடக்கக் கூடாது. தட்டு வீச்சில் மடக்கியே ஆக வேண்டும். அந்த மடக்கை யாரிடம் கற்பது? ஸ்குவாஷ் என்னும் சுவர்ப்பந்து ஆட்டக்காரரிடம். நம்முடைய மண்ணில் இதற்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. எட்டு முறை உலகப் பட்டம் வென்ற நிக்கோல் டேவிட் மலேசியர். 2023இல் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் ஒற்றையர் தங்கத்தை வென்ற சிவசங்கரி சுப்பிரமணியம் நம் கெடாவைச் சேர்ந்தவர். இவர்கள் புறங்கையால் பந்தை அடிக்கும் காட்சியை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். மட்டை இடத்தோளுக்குப் பின்னால் இருக்கிறது. முதலில் முன்னே வருவது முழங்கை. மட்டை இன்னும் பின்னாலேயே இருக்கிறது. முழங்கை ஓரிடத்தில் ஏறத்தாழ நின்றுவிட, முன்கை கதவு திறப்பதுபோல் திறக்கிறது. கடைசியில் மணிக்கட்டு.

உங்கள் கையிலுள்ள தட்டை அப்படியே செய்து பாருங்கள். தட்டு மார்புக்குக் குறுக்கே, சட்டைப் பொத்தானை உரசும் அளவுக்கு நெருங்கி வரட்டும். முழங்கை இலக்கை நோக்கிப் போகட்டும். பிறகு முன்கை திறக்கட்டும். இதைப் புல்வெட்டும் இயந்திரத்தின் கயிற்றை இழுப்பதற்கும் ஒப்பிடுவார்கள். நேர்கோட்டில் இழுப்பதற்கு அது நல்ல உவமைதான். ஆனால் கயிறு இழுப்பவர் உடலை அசைக்காமல் கையால் மட்டுமே இழுக்கிறார். எனவே நான் சுவர்ப்பந்தின் பக்கமே நிற்கிறேன்.

பூப்பந்து ஆடுகிறவர்கள் நம்மிடையே அதிகம் என்பதால் அவர்களுக்குத் தனியாக ஒரு சொல். புறங்கையால் இறகுப்பந்தை அடிக்கும்போது நீங்கள் முன்கையை உருட்டுகிறீர்கள். சாவியைப் பூட்டில் திருப்புவது போன்ற அந்த உருட்டல்தான் உங்கள் அடிக்கு வேகம் தருகிறது. அது அங்கே பலம்; இங்கே கேடு. விடும் நேரத்தில் கை உருண்டால் தட்டும் சாய்ந்து தள்ளாடும். தள்ளாடும் தட்டு பாதி தூரத்தில் விழுந்துவிடும். பந்தைக் கீழிருந்து மேலாக உரசிப் பழகிய டென்னிஸ்காரருக்கு வேறொரு தொல்லை. அவர் தட்டின் முன்விளிம்பைத் தூக்கிவிடுவார். தட்டு காற்றாடிபோல் மேலே ஏறி, அங்கேயே நின்று, தலைக்கு முன்னால் இறங்கும். பூப்பந்துக்காரர் இந்த ஆட்டத்துக்குக் கொண்டுவர வேண்டியது ஒன்றே ஒன்று: விரல்களைத் தளர்த்தி வைத்திருந்து கடைசிக் கணத்தில் இறுக்குவது. அதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை.

இனிக் காலுக்கு வருவோம். தட்டு வீசுகிறவர்கள் இரண்டு மூன்று அடி ஓடி வந்து வீசுவதைக் காணலாம். அந்த ஓட்டத்தில் பின்கால் முன்காலுக்குப் பின்னால் குறுக்காகப் போகும். ஈட்டி எறிபவரும் கடைசி அடிகளில் கால்களைக் குறுக்கே போட்டுப் பக்கவாட்டில் வருகிறார். நீரஜ் சோப்ரா 2021இல் டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் தங்கம் வென்ற எறியைப் பார்த்தவர்கள் அவருடைய முன்காலை நினைவுகூரலாம். ஓடி வந்த வேகத்தோடு அது தரையில் ஊன்றி விறைத்து நின்றது. கால் நின்றதும், அதுவரை உடலில் இருந்த வேகம் மேலே தாவிக் கைக்குப் போனது. வேகப்பந்து வீச்சாளரும் அப்படியே காலை ஊன்றுகிறார். தட்டு வீசுபவருக்கும் முன்காலே அணைக்கட்டு.

ஆனால், நேயர்களே, இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். ஈட்டி எறிபவர் தம் உடலை முன்னோக்கிச் செலுத்துகிறார். தட்டு வீசுபவர் ஊன்றிய காலின்மேல் உடலைச் சுழற்றுகிறார். ஈட்டிக்காரரைப்போல் பாதத்தைத் தரையில் அறைந்து நிறுத்திவிட்டு, மேலே உடலைத் திருப்பினால் நடுவில் அகப்பட்டுக்கொள்வது முழங்கால். மேல்தொடை ஒரு பக்கம் திரும்பும், கீழ்க்கால் திரும்பாது. எலும்புகளைப் பிணைக்கும் நார் அந்த முறுக்கைத் தாங்காமல் அறுந்துபோகலாம். ஆணி வைத்த காற்பந்துக் காலணியோடு வீசுவது இதனால்தான் ஆபத்து. தட்டை விட்டபின் வலப்பாதம் குதிகாலின்மேல் உருண்டு இலக்கின் பக்கம் திரும்ப வேண்டும். வீட்டில் வழுவழுப்பான தரையில் காலுறையோடு நின்று இதைப் பழகலாம், மெதுவாக. ஓடி வந்து வீசுவதை, நின்ற இடத்திலிருந்து நேராக வீசத் தெரிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். அவசரமில்லை.

புறங்கை வீச்சைப் போலவே உள்ளங்கை வீச்சும் உண்டு. சிறு வயதில் ஆற்றங்கரையிலோ ஈயக் குட்டையின் கரையிலோ ஓட்டாஞ்சில்லை எடுத்து நீரின்மேல் தத்தித் தத்திப் போகும்படி எறிந்தவர்களுக்கு இதைக் கற்றுத் தர வேண்டியதே இல்லை. அதே கை, அதே மணிக்கட்டு. முழங்கையை இடுப்புக்கு அருகில் வைத்துக்கொண்டு மணிக்கட்டைச் சொடுக்கினால் போதும். இதைப் பேஸ்பால் எறிவதுபோல் கையை அகல வீசி எறிய முற்படுகிறவர்கள் முழங்கையின் உட்பக்க நாரைக் கெடுத்துக்கொள்ளுகிறார்கள். அந்த நார் அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு டாமி ஜான் என்ற அமெரிக்கப் பந்துவீச்சாளரின் கதை உண்டு. 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், அவருடைய மற்றொரு கையிலிருந்து நரம்புநாரை எடுத்து அறுந்த முழங்கையில் பொருத்தினார். 1976இல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார் அவர். அந்தச் சிகிச்சைக்கே இன்று அவர் பெயர்தான். ஆனால் இடையில் ஒரு முழுப் பருவத்தை ஆடாமல் கழித்தார். பொழுதுபோக்காக ஆட வந்தவருக்கு அந்த விலை எதற்கு? உள்ளங்கை வீச்சை ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு முறைக்கு மேல் பழக வேண்டாம் என்பது என் யோசனை.

இத்தனை சொல்லியும் தட்டு ஏன் நேராகப் போகாமல் வளைகிறது என்று கேட்பீர்கள். விடை நம் கண்முன்னே சுழல்கிறது. கிளந்தானிலும் மலாக்காவிலும் காசிங் என்னும் பெரிய பம்பரம் விடுகிறார்களே, அதைப் பாருங்கள். நன்றாகச் சுழலும்போது அது தூங்குவதுபோல் நிற்கும். பக்கத்தில் தட்டினால், தட்டிய திசையில் சாயாமல் குறுக்குத் திசையில் சாயும். பறக்கும் தட்டும் ஒரு பம்பரமே. வேகமாகப் போகும்போது காற்று அதன் முன்விளிம்பைக் கீழே அமுக்கப் பார்க்கும். வேகம் குறைந்ததும் முன்விளிம்பை மேலே தூக்கப் பார்க்கும். பம்பரத்தின் குணப்படி தட்டு முன்னும் பின்னும் சாயாமல் பக்கவாட்டில் சாய்கிறது. வலக்கைப் புறங்கை வீச்சென்றால் முதலில் சற்று வலப்பக்கம் போய், இறுதியில் இடப்பக்கம் சாய்ந்து இறங்கும். உள்ளங்கை வீச்சில் இது தலைகீழ். 1983இல் டேவ் டனிபேஸ் என்பவர் விளிம்பைச் சரிவாக்கிக் கூர்மைப்படுத்திய தட்டை உருவாக்கியபின், ஒவ்வொரு தட்டுக்கும் ஒவ்வொரு வளைவு என்று வகை வகையாக வரத் தொடங்கின. புதியவர்கள் வேகத் தட்டுகளை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். பம்பரத்துக்குச் சுழற்சி கொடுக்கத் தெரியாதவர் கையில் எந்தத் தட்டும் இடப்பக்கமாகத்தான் விழும்.

கடைசியாகக் கூடைக்கு அருகில் வந்து போடும் சிறு வீச்சு. பத்து மீட்டருக்குள் நின்று வீசும்போது விதி ஒன்று உண்டு. தட்டை விட்டபின், தம் உடல் நிலைதவறாமல் நிற்பதைக் காட்டும்வரை, வீசியவர் தம் அடையாளத்தைத் தாண்டி முன்னே கால் வைக்கக் கூடாது. கூடைப்பந்தில் தண்டனை வீச்சு எறிபவரின் அமைதி இங்கே வேண்டும் என்பார்கள். என்னைக் கேட்டால் பெட்டாங் ஆடும் பெரியவர்களைப் பாருங்கள் என்பேன். உள்ளங்கை கீழ்நோக்க இரும்புக் குண்டைப் பிடித்து, முழங்காலைச் சற்று மடக்கி, கையைத் தாழ்விலிருந்து உயர்த்தி, விரல்களை விரித்து விடுகிறார்கள். விட்ட பிறகும் கை இலக்கை நோக்கியே நீண்டு நிற்கிறது. அவசரமும் இல்லை, ஆவேசமும் இல்லை. அதே அசைவில் தட்டை விட்டால் சங்கிலியில் மெல்ல மோதிக் கூடையில் விழும்; வேகமாக வீசிய தட்டு சங்கிலியில் பட்டுத் தெறித்து வெளியே போய்விடும்.

நம் ஊர் வெயிலிலும் மழையிலும் இதை ஆடுவதென்றால் ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை வியர்வையில் நனைந்திருக்கும்போது விரல்களை இறுக்கும் அந்தக் கடைசிக் கணம் கைகூடாது. தட்டு முன்கூட்டியே நழுவி, உங்களுக்கு இடப்பக்கம் நிற்பவர்மேல் பாயும். ஆகவே தோளில் ஒரு காய்ந்த துண்டு இருக்கட்டும். ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் கையையும் தட்டின் விளிம்பையும் துடைத்துக்கொள்ளுங்கள். உடன் ஆடுகிறவர்களை உங்களுக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள்.